பழைய புகையிரத நிலையத்துக்குப் பாதுகாப்பு அந்தஸ்து: அது என்ன, எப்படிக் கிடைக்கிறது?

பழைய புகையிரத நிலையம் ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கொழும்பில் மூன்று கருத்துகள் தவறாமல் வரும். "நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடம், ஒருத்தரும் கை வைக்க ஏலாது" என்பார் ஒருவர். "அது றெயில்வே காணி, அவையள் நினைச்சதைச் செய்வினம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "தொல்பொருள்காரர் எடுத்தால் பிறகு றெயில் நிக்காது, மியூசியம் ஆக்கிப்போடுவினம்" என்று முடித்துவைப்பார்.

மூன்றுமே பிழை. ஆனால் மூன்றும் சொல்பவரின் அறியாமையால் மட்டும் வந்தவை அல்ல. இந்த விடயத்தில் சட்டம் ஒன்று, நிர்வாகம் இன்னொன்று, மக்கள் மனதில் இருப்பது வேறொன்று. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் மிச்சம் சுலபம்.

வயது வேறு, அந்தஸ்து வேறு

மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது அவர்களுடைய வீடு என்பது ஒழுங்கை முழுக்கத் தெரியும். ஆனாலும் வங்கிக்குக் கடன் கேட்டுப் போனால் முதற் கேள்வி "உறுதி எங்கே?" என்பதுதான். உறுதியைப் பிரித்தால் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கும். வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே வாய்க்கால், விஸ்தீரணம் இத்தனை பேர்ச்சஸ். அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் மாமரத்துக்கு எத்தனை வருடம் தண்ணீர் ஊற்றியிருந்தாலும், அது உறுதியில் இல்லை.

பழைய கட்டடங்களுக்கும் இதே கதைதான். ஊருக்குத் தெரிந்த பழமை ஒரு பக்கம், பத்திரத்தில் ஏறிய பாதுகாப்பு இன்னொரு பக்கம். உறுதியின் இடத்தில் இங்கே இருப்பது வர்த்தமானி, அதாவது அரசாங்கத்தின் சட்டபூர்வ அறிவித்தல்களை வெளியிடும் அரச பத்திரிகை. அதில் வெளியாகும் ஆணையின் முடிவிலும் ஓர் அட்டவணை உண்டு. எந்த மாவட்டம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவு, எந்தக் கட்டடம் என்று அது சொல்லும். அட்டவணையில் உள்ளதே பாதுகாக்கப்பட்டது.

இதை நடத்தும் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். 1998இல் இதற்குப் பெரிய திருத்தம் ஒன்று வந்தது. இந்தச் சட்டத்தில் ஒரு திகதி இருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் உடன்படிக்கை மூலம் பிரித்தானியர் கைக்குப் போன நாள். அந்தத் திகதிக்கு முற்பட்ட சின்னங்கள் வயதின் காரணமாகவே சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிடும். 1757இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயமும், கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலையும் அந்தப் பக்கம் நிற்பவை.

இலங்கையின் முதல் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது 1864 டிசம்பர் 27இல். சட்டத்தின் திகதிக்கும் முதல் றெயிலுக்கும் இடையே 49 வருடம். ஆகவே இந்தத் தீவில் எந்தப் புகையிரத நிலையமும் வயதை மட்டும் காட்டிப் பாதுகாப்புப் பெற முடியாது. நூறு வயதென்றாலும் நூற்றைம்பது வயதென்றாலும் நிலைமை ஒன்றுதான். 1815க்குப் பிற்பட்ட ஒன்றைப் பாதுகாக்க வேண்டுமென்றால், பொறுப்பான அமைச்சர் அதைப் பெயர் குறிப்பிட்டு ஆணை பிறப்பித்து, அது வர்த்தமானியில் வெளியாக வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்டதைத்தான் இந்தக் கட்டுரையில் 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' என்கிறோம்.

இதுவரை சொன்னதன் சாரம்: நிலையத்தின் வயது கோரிக்கைக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். பாதுகாப்பைத் தருவது வர்த்தமானி. எதற்குத் தருகிறது என்பதை அட்டவணை சொல்லும்.

ஒரே பெயரில் புழங்கும் நான்கு விடயங்கள்

"மரபுரிமைக் கட்டடம்" என்று பொதுவாகச் சொல்வதற்குப் பின்னால் குறைந்தது நான்கு வேறுவேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

முதலாவது, மேலே சொன்ன தொல்பொருள் ஆணை. பலம் கூடியது இதுதான். ஒருமுறை வந்துவிட்டால் திருத்தம், மாற்றம், சேர்ப்பு எதற்கும் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

இரண்டாவது, நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல் கட்டுப்பாடு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சபை இது. கொழும்பு நகரம் அதன் அபிவிருத்திப் பிரதேசத்துக்குள் இருக்கிறது. 1982இல் வந்த திருத்தத்தின்படி, அபிவிருத்திப் பிரதேசத்துக்குள் தனியார் மட்டுமல்ல, அரச நிறுவனங்களும் அனுமதி பெற்றுத்தான் அபிவிருத்தி வேலை செய்யலாம். "றெயில்வே காணி, அவையள் நினைச்சதைச் செய்வினம்" என்ற பேச்சு இங்கே அடிபடுகிறது. 'உள்ளூர் அந்தஸ்து' என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், நகர மட்டத்தில் அதற்குக் கிட்டத்தட்ட வருவது இதுதான். நகரத் திட்டத்தில் ஒரு கட்டடத்தைப் பேண வேண்டியது என்று குறித்தால், அனுமதி கொடுக்கும் மேசையில் அந்தக் குறிப்பு நிற்கும். ஆனால் திட்டங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படும். வர்த்தமானி ஆணை போல அது இறுக்கமானதல்ல.

மூன்றாவது, புகையிரதத் திணைக்களம் தானாக எடுக்கும் முடிவு. ஒரு நிலையத்தைப் பழைய நிறத்தில் பூசுவது, வெளியே ஒரு பலகை வைப்பது, சுற்றுலாவுக்கு அலங்கரிப்பது எல்லாம் இதில் அடங்கும். நல்ல காரியம்தான், ஆனால் சட்டப் பாதுகாப்பு அல்ல. அடுத்த பொது முகாமையாளர் வந்து மாற்றினால் கேட்க வழியில்லை. சுவரில் பித்தளைத் தகடு இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தகட்டை யார் வேண்டுமானாலும் பதிக்கலாம்.

நான்காவது, உலக மரபுரிமைப் பட்டியல். காலிக் கோட்டையும் கண்டியும் அதில் இருக்கின்றன. கொழும்பில் அப்படி ஓர் இடமும் இல்லை, ஆகவே நமக்கு இப்போதைக்கு அது தேவையில்லாத பேச்சு.

மாகாண சபை பற்றியும் ஒரு வரி. தேசிய முக்கியத்துவம் உடையவை என அறிவிக்கப்படாத புராதன, வரலாற்றுச் சின்னங்களை 1987இன் 13ஆவது திருத்தம் மாகாண சபைப் பட்டியலில் வைத்திருக்கிறது. காகிதத்தில் அது ஒரு கதவு. கொழும்பில் ஒரு நிலையத்தைக் காப்பாற்ற நினைப்பவர் அந்தக் கதவுக்கு முன் காத்திருக்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை.

நிலையம் என்றால் எதுவரை?

கோரிக்கை எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. "இன்ன புகையிரத நிலையக் கட்டடம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பிறகு பார்த்தால் பயணச்சீட்டு அறையும் காத்திருப்பு மண்டபமும் பாதுகாக்கப்பட்டிருக்கும். மேடைக் கூரை அட்டவணைக்கு வெளியே நிற்கும்.

புகையிரத நிலையம் ஒரு தனிக் கட்டடம் அல்ல, வேலை செய்யும் ஒரு தொகுதி. எழுதும்போது குறைந்தது இவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: பிரதான கட்டடம், மேடைகள், மேடைக் கூரையும் அதைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்களும், தூண் தலையில் உள்ள வளைவுத் தாங்கிகள், கூரை விளிம்பில் தொங்கும் அரம்பப் பல் வடிவ மரப்பலகைகள், மேம்பாலம், சமிக்ஞை அறை, சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தாங்கி, நிலைய அதிபரின் விடுதி. எல்லாம் எல்லா நிலையத்திலும் இருக்காது. இருப்பதில் எது பழையது, எது பிறகு வந்தது என்று குறிக்க வேண்டும். கொழும்பில் சரக்குக் கொட்டகைகள்தான் முதலில் போகின்றன. பயன்பாடு குறைந்துவிட்டது, காணியோ விலை கூடியது.

அசையும் பொருட்கள் வேறு கணக்கு. சுவர்க் கடிகாரம், எடைத் தராசு, தேக்கு வாங்கு, மணி, சீட்டில் திகதி குத்தும் கருவி ஆகியவை கட்டடத்தோடு ஒட்டியவை அல்ல. ஒற்றைப் பாதையில் இரண்டு றெயில்கள் எதிரெதிரே நுழையாதபடி நிலையங்களுக்கிடையே வில்லை பரிமாறும் கருவியும் இவ்வகைதான். கட்டடம் அறிவிக்கப்பட்டதும் இவையும் பத்திரமாகிவிட்டன என்று எண்ணுவது தவறு. இவற்றுக்குத் தனிப் பொருட்பதிவு வேண்டும். பொருளின் பெயர், உயரம், அகலம், இருக்கும் அறை, உற்பத்தித் தகட்டில் உள்ள பெயர், தொடரிலக்கம், இரண்டு படங்கள் இருந்தால் போதும். அந்தப் பதிவு இல்லாத கடிகாரம் திருத்தப் போய்த் திரும்பி வராவிட்டால், அது அங்கே இருந்தது என்று நிரூபிக்க வழியில்லை.

கட்டடமும் பொருளும் எப்படிப் பிரிந்து போகும் என்பதற்குக் கொழும்பிலேயே சாட்சி உண்டு. ஒல்கொட் மாவத்தைப் பக்கமாக, மருதானைக்குக் கிட்ட, முதலாவது கொழும்பு முடிவிட நிலையம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருதானை நிலையமும் அதன்பின் 1917இல் கோட்டை நிலையமும் வர, பயணிகள் நிலையமாக அதன் காலம் முடிந்தது. 2009இல் தேசிய புகையிரத அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது. 2014 டிசம்பரில், இலங்கைப் புகையிரதத்தின் 150ஆவது ஆண்டு நிறைவோடு, அருங்காட்சியகம் கடுகண்ணாவைக்குப் போய்விட்டது. சேகரிப்பு மலைக்கு, கட்டடம் கொழும்பில்.

"பழசு, வடிவானது" என்று எழுதினால் போதாது

கோரிக்கையின் உயிர் 'மதிப்பு அறிக்கை'. அதாவது இந்தச் சின்னம் ஏன் முக்கியம் என்பதை ஆதாரத்தோடு சொல்லும் ஒன்றிரண்டு பக்கம். மரபுரிமைப் பாதுகாப்பில் பொதுவாகக் கேட்கப்படுவது நான்கு வகை மதிப்பு: வரலாறு, அழகியல், தொழில்நுட்பம், சமூகம். நான்கிலும் உச்சத்தில் நிற்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டில் வலுவாக நின்றால் போதும், அதற்கு ஆதாரம் இருந்தால்.

வரலாற்று மதிப்பில் விழும் முதற் குழி, பாதை திறந்த வருடத்தையே கட்டடம் எழுந்த வருடமாக எழுதுவது. இரண்டும் ஒன்றல்ல. முதலில் தற்காலிகமாக ஏதாவது எழுப்பியிருப்பார்கள். இரட்டைப் பாதை போட்டபோதோ மேடையை நீட்டியபோதோ கட்டடம் மாறியிருக்கும். வார்ப்பிரும்புத் தூணில் வார்ப்பகத்தின் பெயரும் வருடமும் இருந்தால் அது தூண் வார்த்த வருடம். தூண் வேறொரு நிலையத்திலிருந்து கழற்றி வந்ததாகவும் இருக்கலாம், றெயில்வேக்காரர் எதையும் வீசுவதில்லை. களனிவெளிப் பாதையில் இன்னொரு சிக்கல் உண்டு. 1902இல் அவிசாவளை வரை திறக்கப்பட்ட அந்தப் பாதை 762 மில்லிமீற்றர் குறுகிய பாதை. 1990களில்தான் 1676 மில்லிமீற்றர் அகலப் பாதையானது. அகலப்படுத்தும்போது மேடை விளிம்புகள் தொடப்பட்டிருக்கும். பழைய கட்டடத்துக்கு முன்னால் இருப்பது புதிய மேடையாக இருக்கலாம்.

ஆதாரம் தேட மூன்று இடம். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பிரித்தானியர் காலப் புகையிரதப் பொது முகாமையாளர்களின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளைத் தேடலாம். புதிய கட்டடங்களின் செலவும் திருத்தங்களும் அங்கே வருடவாரியாக வரும். நாரஹேன்பிட்டியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தில் பழைய நகர வரைபடங்கள். மூன்றாவது, புகையிரதத் திணைக்களத்தின் சொந்த வரைபடங்கள். இந்த மூன்றாவதைப் பெறுவது சுலபமல்ல, ஆனால் கிடைத்தால் மற்ற இரண்டையும் விட அது பெறுமதி.

சமூக மதிப்பைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தமிழ் வாசகருக்கு அது விளங்காமல் இருக்காது. 1956இலிருந்து யாழ்தேவி புறப்பட்டும் வந்துசேர்ந்தும் போன கோட்டை நிலையம், வடக்கோடு கொழும்பு வைத்திருந்த உறவின் வாசல். ஆனால் "எமது உணர்வுகளோடு கலந்தது" என்று எழுதினால் அதிகாரி அடுத்த பக்கம் போவார். யார் எந்தக் காலத்தில் எதற்காக அந்த நிலையத்தைப் பயன்படுத்தினார்கள், அதன் எந்தப் பகுதி அந்தப் பயன்பாட்டின் சாட்சியாக இன்றும் நிற்கிறது என்று எழுத வேண்டும். நினைவு கட்டடத்தின் ஏதாவது ஒரு பாகத்தில் பிடித்து நிற்க வேண்டும்.

இதில் நேர்மையும் தேவை. யாழ்ப்பாண நிலையத்தைப் பாருங்கள். 1990இல் நின்ற சேவை 2014 ஒக்டோபரில் மீண்டபோது பயணிகள் இறங்கியது புதிதாகக் கட்டப்பட்ட நிலையத்தில். இடத்துக்கும் நினைவுக்கும் அங்கே மதிப்பு மிக அதிகம், கட்டடப் பொருளுக்கு அவ்வளவு இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் சுவரின் பழமையைப் பற்றி எழுதினால் முழு அறிக்கையும் நம்பிக்கை இழக்கும்.

சுருங்கச் சொன்னால், மதிப்பு அறிக்கையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு ஆவணமோ கட்டடத்தின் ஒரு பாகமோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத வாக்கியத்தை வெட்டிவிடலாம்.

நடைமுறை: எங்கே தொடங்கி எங்கே போவது

முதல் வேலை, நிலையம் ஏற்கனவே அறிவிக்கப்பட்டதா என்று பார்ப்பது. கேட்காமலே கோரிக்கை எழுதிப் பல மாதம் போன பிறகு "அது எப்போதோ வர்த்தமானியில் வந்துவிட்டது" என்று பதில் வாங்குவது வீண் அலைச்சல். அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வர்த்தமானிகள் இருக்கின்றன. ஆனால் கட்டடத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பழையவை படமாகவே ஏற்றப்பட்டிருக்கும், பெயரும் வேறு எழுத்தில் இருக்கும். கொம்பனித்தெருவுக்குத் தமிழில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், பழைய ஆங்கில ஆவணங்களில் முற்றிலும் வேறொரு பெயர் (Slave Island) என்பதை நினைவில் வையுங்கள்.

அதைவிட நல்ல வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தொல்பொருளியல் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மூன்று கேள்வி போதும். இந்த நிலையமோ அதன் பகுதியோ அறிவிக்கப்பட்டுள்ளதா, ஆம் எனில் வர்த்தமானி இலக்கமும் திகதியும் என்ன? அட்டவணையின் பிரதியும் எல்லையைக் காட்டும் வரைபடமும் தர முடியுமா? அங்கே வேலை செய்ய இதுவரை கொடுத்த அனுமதிகளும் அவற்றின் நிபந்தனைகளும் எவை? "இந்த நிலையத்தைப் பாதுகாக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்ற வகைக் கேள்வியைத் தவிருங்கள். அது தகவல் கோரிக்கை அல்ல, முறைப்பாடு. பதிலும் அப்படியே வழவழவென்று வரும்.

அறிவிக்கப்படவில்லை என்று தெரிந்தால் ஆவணப்படுத்தல். நிலைய அதிபரிடம் சொல்லி அனுமதி பெற்று, மேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுப்பது ஆபத்து மட்டுமல்ல, குற்றமும் கூட. நான்கு பக்கத்துக்கும் நேர்ப் படம், ஒவ்வொரு அறைக்கும் இரண்டு படம், ஒவ்வொரு தனி அம்சத்துக்கும் அளவுகோல் தெரிய ஒரு கிட்டப் படம். கட்டடக்கலை மாணவர் யாராவது சேர்ந்தால் 1:100 அளவில் தள வரைபடமும் முகப்பும், தூண், தாங்கி போன்றவற்றுக்கு 1:10 விவர வரைபடமும் செய்யலாம். வரைபடம் இல்லாவிட்டாலும் கோரிக்கை கொடுக்கலாம். இருந்தால் அதிகாரி தானாக அளந்து எழுத வேண்டியதில்லை, கோப்பு நகரும்.

நிர்வாக எல்லையைச் சரியாக எழுதுங்கள். கொழும்பு மாநகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளில் கிடக்கிறது. வெள்ளவத்தை நிலையம் பற்றிய கடிதத்தைக் கொழும்புப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினால் அது மேசை மாறி மாறிச் சுற்றும்.

கோரிக்கை தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்துக்குப் போக வேண்டும். பிரதிகள் புகையிரதப் பொது முகாமையாளர், பிரதேச செயலாளர், நகர அபிவிருத்தி அதிகார சபை ஆகியோருக்கு. பொது முகாமையாளரைத் தவிர்த்துவிட்டுச் சத்தமில்லாமல் முடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. காணி அரசினுடையது என்றாலும் அதைப் பயன்படுத்துவது புகையிரதத் திணைக்களம். அவர்களின் கருத்தைக் கேட்காமல் கோப்பு அமைச்சர் வரை போகாது. கடைசி நேரத்தில் தெரிய வந்தால் எதிர்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியும் இருக்காது. முதலிலேயே பேசி, "சேவை தடைப்படாது" என்பதை எழுத்தில் வைத்தால் பாதி எதிர்ப்பு கரைந்துவிடும்.

அதன்பின் கள ஆய்வு, திணைக்களத்தின் பரிந்துரை, அட்டவணை வரைவு, அமைச்சரின் கையொப்பம், மூன்று மொழியிலும் வர்த்தமானி. அட்டவணை வரைவைக் கையொப்பத்துக்கு முன் பார்க்க முடிந்தால் கட்டாயம் பாருங்கள். மேடைக் கூரை விடுபட்டதைத் திருத்த அதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

கிடைத்த பின் எது மாறும்?

றெயில் நிற்கும். சீட்டு விற்கப்படும். கட்டடம் அருங்காட்சியகம் ஆகாது, ஆக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. உண்மையில், பயன்பாட்டில் இருக்கும் நிலையம்தான் நன்றாகப் பிழைக்கிறது. கூரை ஒழுகினால் அன்றே சொல்ல ஆள் இருப்பார். பூட்டிய கட்டடத்தில் ஒழுக்கு தெரியவரும்போது வளையும் உத்தரமும் போயிருக்கும்.

மாறுவது ஒன்றுதான். கட்டடத்தைத் தொடும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அனுமதிப்பத்திரம். வேலை என்றால் இடிப்பது மட்டுமல்ல. ஓடு மாற்றுவது, பூச்சு உரிப்பது, கதவை யன்னலாக்குவது, குளிரூட்டிக்குச் சுவரைத் துளைப்பது எல்லாம் வேலைதான். சட்டத்தின் கீழான விதிகளால் சுற்றுப்புறக் கட்டுமானத்தையும் கட்டுப்படுத்தலாம். பக்கத்துக் காணிக்காரர்கள் அதனால்தான் சில வேளை குரல் எழுப்புகிறார்கள்.

அனுமதிப்பத்திரம் இருந்தும் பிழை நேரும் இடங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் நடப்பவை அல்ல, நல்லெண்ணத்தோடு செய்யும் திருத்த வேலையில் நடப்பவை.

மேடையை உயர்த்துவது அதில் முதன்மை. பழைய மேடைகள் இன்றைய பெட்டிகளுக்குத் தாழ்வு, ஆகவே மேலே கொங்கிறீற் போடுவார்கள். வாசற்படி புதையும், கதவு அடியில் அறுக்கப்படும், மழைநீர் காத்திருப்பு மண்டபத்துக்குள் திரும்பும். இதை எவரும் கண்ணால் காணலாம். காணாதது தூணின் அடி. அக்கால வார்ப்பிரும்புத் தூண்கள் பல உள்ளே குழலானவை. கூரைத் தண்ணீரே அதற்குள்ளால் இறங்கி அடியில் உள்ள துளையால் வடிகாலுக்குப் போகும். கொங்கிறீற் அந்தத் துளையை மூடினால் தூண் தண்ணீர் நிறைந்த குழாயாகிவிடும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால், சில வருடத்தில் தூண் நெடுக்கு வாட்டில் வெடிக்கும். வெடித்ததை வெல்டிங் செய்யப் போனால் சூடுபட்ட இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வெடிப்பு வரும், ஏனென்றால் வார்ப்பிரும்பு உருக்கு அல்ல. சூடில்லாமல் உலோகத் தையல் (வெடிப்பின் குறுக்கே உலோகப் பூட்டுகளை இறுக்கிப் பொருத்துவது) போட்டோ, தகடு வைத்து ஆணி முடுக்கியோதான் திருத்த வேண்டும்.

அடுத்தது சீமெந்து. கொழும்பின் பழைய கட்டடங்களில் செங்கல்லோ கபுக் கல்லோ (செம்புரைக்கல்) சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டிருக்கும். சுண்ணாம்புச் சுவர் நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக் காயும். அதன்மேல் சீமெந்துப் பூச்சு வந்தால் ஈரம் உள்ளே அகப்படும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எனக் கடலோரம் ஓடும் பாதையில் அந்த ஈரத்தோடு உப்பும் சேரும். உப்பு படிகமாகும்போது பூச்சைத் தள்ளும், கல்லின் முகத்தையும் சேர்த்து உரிக்கும். மேசன், "சுண்ணாம்பு நிக்கேல்லை, சீமெந்துதான் பலம்" என்று இன்னும் தடிப்பாகப் பூசுவார். நோயும் மருந்தும் ஒன்றாகிவிடும். சரியான முறை, நீற்றிச் சில வாரமாவது ஊறவிட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு என்ற அளவில் தொடங்கி, பழைய சாந்தின் மாதிரியைச் சோதித்து அளவைச் சரிசெய்வது. பூசியபின் ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை, மெல்லிய பல பூச்சாக. பிளாஸ்டிக் இமல்சன் பூசினால் முதல் மழைக்காலத்திலேயே கொப்புளம் போடும்.

இரும்பிலும் மரத்திலும் உள்ள பழைய நிறப்பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர் உரசல் கூடாது, அந்தத் தூசு வேலையாளின் நுரையீரலுக்குப் போகும். மணல் வீசித் துப்புரவாக்குவதும் கூடாது, தூணில் உள்ள வார்ப்பகத்தின் பெயர் அதோடு மறையும்.

மின்மயமாக்கல் வந்தால் இன்னொரு கேள்வி எழும். மேலே போகும் மின்கம்பி மேம்பாலத்திலிருந்தும் கூரை விளிம்பிலிருந்தும் போதிய இடைவெளியில் இருக்க வேண்டும். அதற்காகக் கூரையை வெட்டுவதா, பாலத்தைத் தூக்குவதா, கம்பியைத் தாழ்த்துவதா என்பது வடிவமைப்பின் தொடக்கத்தில் பேச வேண்டியது. ஒப்பந்தம் கொடுத்த பிறகு பேசினால் வெட்டுவது ஒன்றே மலிவாகத் தெரியும்.

வேலை நடப்பதைக் கண்டால்

நிலையத்தில் திருத்த வேலைக்குச் சாரம் கட்டுவதைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, "அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அதன் இலக்கம் என்ன?" என்பது மட்டும். இருந்தால் நிபந்தனைகளைத் தொல்பொருளியல் திணைக்களத்திடம் கேட்கலாம். இல்லையென்றால் திகதியிட்ட படங்களோடு, எந்தப் பகுதியில் என்ன வேலை என்று நான்கு வரியில் எழுதி, வர்த்தமானி இலக்கத்தையும் சேர்த்து அன்றே அனுப்புங்கள். "மரபு அழிகிறது" என்பதை விட "இரண்டாம் மேடையின் வடக்கு அந்தத்தில் மூன்று தூண்களின் அடி கொங்கிறீற்றால் மூடப்படுகிறது" என்ற வரிக்கே ஆள் வருவார்.

கழற்றிய பொருட்களைப் பற்றியும் அதே கடிதத்தில் கேளுங்கள். விளிம்புப் பலகை, தாங்கி, ஓடு, பெயர்ப்பலகை எதுவாயினும் இலக்கமிட்டு எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது, யார் பொறுப்பு என்று. பத்துப் பலகையில் இரண்டு நல்லதாக மிஞ்சினால் அவைதான் மீதி எட்டையும் அறுப்பதற்கான அச்சு. கொட்டகை மூலையில் இலக்கமில்லாமல் கிடந்தால், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அடுத்த நாள் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க அதைத்தான் எடுப்பார்கள்.